கால் கேட்காதவர்

கல்லூரிக்குச் சைக்கிள் வாங்கவிருந்தபோது, அப்பாவின் சாதாரண சைக்கிளில் போய், ராஜபாளையத்தில் சைக்கிள் வித்தை காட்டிய சிவப்புச் சட்டைக்காரரைச் சந்தித்தேன். அவர் வண்டியில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், பின்னோக்கியும் ஓட்டலாம். கல்லூரி வாசலில் நான் பின்னோக்கி நுழைந்தால் எப்படியிருக்கும்! டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதும் அவர் கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன.

"அண்ணே, இதே மாதிரிதான் வாங்கப்போறேன்."

"ஓட்டிப் பாத்துட்டு வாங்குலே. உன் அப்பா வண்டியத் தா, நானும் செத்த நேரம் சும்மா உருண்டுட்டு வாரேன்."

வண்டிகளை மாற்றிக்கொண்டோம். அவர் வண்டியில் போன நான், இறக்கத்தில் வழக்கம்போல மிதிப்பதை நிறுத்தினேன். பெடல் நிற்கவில்லை; சாக்கடையில் விழுந்தேன். எழுந்து பார்த்தால், அதே இறக்கத்தில் அவர் விடாமல் மிதித்துக்கொண்டு போகிறார்.

"மிதிக்காமலே போகும்ணே!"

"தெரியும்லே. காலு கேக்க மாட்டேங்குது."

நான் ஃப்ரீவீல் வண்டியே வாங்கினேன். என் கால்கள் தங்கமானவை; சும்மா இருக்கச் சொன்னால் உடனே கேட்கும். அவருடையவை எங்கே ஆடிக்கொண்டிருக்கின்றனவோ!