மூடாமல் போன மின்னஞ்சல்

என் வீட்டு மாடியில் குடியிருந்த கல்பனா என்ற மாணவியின் மின்னஞ்சலை அவளுக்குத் தெரியாமல் படித்தேன். படித்ததோடு நிற்காமல் அவள் படிப்பையும் கெடுத்தேன்.

அண்ணாமலை நகரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் நான். போன் வந்தால் கல்பனா மொட்டைமாடிக்கு ஓடிவிடுவாள். முகமும் வாடியிருந்தது. எனக்குச் சந்தேகம். ஒருநாள் என் கணினியில் எதையோ அச்செடுத்தவள், மின்னஞ்சலை மூடாமல் போய்விட்டாள். "அந்தப் படங்களை எல்லாம் அனுப்புங்கள். இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம்." கீழே ஓர் ஆணின் பெயர்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேலை பார்க்கும் அவள் அப்பாவை உடனே போனில் அழைத்து, யாரோ ஒருவனுக்குப் படம் அனுப்புகிறாள் என்று சொன்னேன். மறுநாளே வந்து அவளைக் கடலூருக்குக் கூட்டிப்போனார். படிப்பை நிறுத்திவிட்டார்.

அடுத்த வாரம் அந்தப் பெயருக்குரியவரே என் வாசலில் நின்றார். சைபர் கிரைம் போலீஸ்காரர்.

"கல்பனா இல்லீங்களா? அவுங்க போட்டோவ வச்சு எவனோ பொய்யா அக்கவுண்ட் தொறந்திருந்தான். தைரியமா புகார் குடுத்தாங்க. ஆளப் புடிச்சிட்டோம்."

அன்றே கடலூருக்குப் பஸ் ஏறினேன். அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கல்பனாதான் பேசினாள்.

"என்னையக் கேட்டிருக்கலாமே சார்? நானே சொல்லியிருப்பேன்."

மறுபடி படிக்க வந்தாள், ஆனால் தங்கியது விடுதியில். மாடியைக் காலி செய்த அன்று என்னிடம் வந்தாள்.

"என் மெயில் இன்னும் உங்க கம்ப்யூட்டர்ல தொறந்தேதான் கெடக்கு சார்."

அவள் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றும்போது நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

"முடிஞ்சிருச்சு சார், திரும்பிக்கங்க."

என்னால் உடனே திரும்ப முடியவில்லை.