காலண்டர் பார்த்து மலையேறிய கதை

எங்கள் எலப்புள்ளிக்குக் கிழக்கே ஒரு மொட்டை மலை இருக்கிறது. கேரளம் என்றாலே பச்சை என்று நம்பி வருகிறவர்கள் அதைப் பார்த்தால் ஏமாந்து போவார்கள். பாறை, முள், கருகிய புல். ஏறுகிற பாதையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அதன் உச்சிக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. சொன்னால் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன மாசியில் என் வீட்டுக்காரருக்கும் அவருடைய கம்பெனி நண்பருக்கும் திடீரென்று அதே ஆசை வந்தது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "நானும் வர்றனுங்க" என்றேன்.

"அந்த வெயில்ல நீ எங்க வர்றது. மயங்கி உழுந்தா யாரு தூக்கறது?" என்றார். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனுஷன் பேசுகிற பேச்சு இது.

அன்று தொடங்கியது அவர்கள் திட்டம். சாயங்காலமானால் நண்பர் வந்துவிடுவார், நான் டீ போட வேண்டும். தொப்பி வாங்கினார்கள். பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் வாங்கினார்கள். கைத்தடி வாங்கி வாசலில் ஊன்றி நடந்து பார்த்தார்கள். புளிசாதமா, எலுமிச்சை சாதமா என்று முடிவு செய்வதற்குள் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. வனத்துறைக்கு ஒரு ஃபோன் பண்ண மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை. "நீயே கூப்புட்டுச் சொல்லீரு" என்று அதையும் என் தலையில் கட்டினார்.

கூப்பிட்டு, அவர்கள் குறித்திருந்த நாளைச் சொன்னேன். வருகிறவர்களின் பெயரை முன்கூட்டியே தர வேண்டும், கிழக்கு வெளுக்கும்போதே அடிவாரக் கேட்டில் நிற்க வேண்டும், வெயில் ஏறினால் யாரையும் விடமாட்டோம் என்றார்கள். இரண்டு ஆண்களின் பெயரைச் சொன்னேன். வாய் சும்மா இருக்கவில்லை. என் பெயரையும் பக்கத்து வீட்டு அக்கா பெயரையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன்.

வெளுக்கும்போதே போக வேண்டும் என்றதும் நண்பர் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "அன்னிக்கு நல்ல நேரம் விடிஞ்சு அப்பறந்தானுங்க. அதுக்கு முன்னால படியெறங்கக் கூடாது" என்றார்.

"கேட்டை மூடீருவாங்க" என்றேன்.

"போயி நின்னாத் தெறப்பாங்க" என்றார் வீட்டுக்காரர்.

நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டால் மலை வெயில் சுடாது போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலைக்குப் போகிற அன்றைக்கு இருட்டோடு எழுந்து புளிசாதம் கிளறி முடித்து அவரை எழுப்பினேன். "நேரம் வரட்டும்" என்று புரண்டு படுத்தார். சொல்லி வைத்தபடி வாசலில் அக்காவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. தண்ணீரையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

உச்சியில் காற்றும் பாறையும் தவிர ஒன்றுமில்லை. அப்படியொரு வெட்டவெளியை நான் பார்த்ததே கிடையாது. சந்தோஷத்தில் அழுகை வந்தது. வழியெல்லாம் சிக்னல் இல்லாமல் செத்துக் கிடந்த ஃபோன் அங்கேதான் அடித்தது.

"கேட்டுலயே நிறுத்திப்போட்டாங்க. நீ மேல போயிட்டீன்னு சொல்றாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாங்க."

"சோத்துப் பையக் காணோம்னு ஊடு பூராத் தேடுனோம்" என்றார்.

"எங்கிட்டத்தானுங்க இருக்குது" என்றேன். "இங்க நல்லாப் பசிக்குது."