பிளாப்பிக்கு வைத்த பொட்டு

கலெக்டர் ஆபீஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடுதான் குப்பை கொட்டுகிறேன். ஆனால் எங்கள் வேங்கிக்கால் வீட்டில் இருக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் மட்டும் எனக்குப் பிடிபட்டதே இல்லை. பார்த்தால் வெறும் கீபோர்டு. அதற்குள்ளேயே எல்லாம் அடக்கமாம். டிவியில் மாட்டினால் நீலத் திரை வரும். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது, அவரிடமிருந்து என் வீட்டுக்காரர் அதை வாங்கி வந்தார். பிறகு பிளாப்பி டிரைவை வேறு எங்கோ தேடிப் பிடித்தார். செருப்பு டப்பா அளவில் கனமான பெட்டி. அதற்குத் தனி ஒயர், தனி பிளக். "இது வேற எதுக்குங்க தண்டமா?" என்றேன்.

"இது இல்லனா ஆஃப் பண்ணதும் எல்லாம் போயிடும்டி" என்றார். அப்படிப்பட்ட கம்ப்யூட்டரை வாங்குவானேன்?

அதில் ஒரு விளையாட்டும் எழுதினார். நடுவில் மலை, சுற்றி ரோடு. ரோட்டில் ஒரு புள்ளி கிரிவலம் போகும், குரங்குகள் பழத்தைப் பிடுங்க வரும். மாசக்கணக்கில் அதே வேலை. வீட்டில் கேஸ் தீர்ந்தால்கூட மனுஷனுக்குத் தெரியாது.

இந்த ஆடியில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சு நின்றது. நான் சொல்வதெல்லாம் புரிகிறது. பதிலுக்கு "ம்" மட்டும்தான். பேச்சு திரும்புமா என்று டாக்டரைக் கேட்டேன். "வரலாம், வராமயும் போகலாம். ஆனா கோபப்பட விடாதீங்க, பிரஷர் ஏறிடும்" என்றார். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர். வீட்டின் அமைதி எனக்குத் தாங்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. வழக்கமாகத் தன் சாமான்கள் பக்கம் என்னை அண்டவே விடமாட்டார், பொட்டெல்லாம் அவரேதான் வைப்பார். இந்த முறை எல்லாம் என் தலையில். ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மனை, கம்ப்யூட்டர், டிரைவ் என்று சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தேன். விளையாட்டு இருக்கும் பிளாப்பியை மட்டும் விடுவானேன் என்று உறையிலிருந்து எடுத்தேன். கறுப்புச் சதுரம், அதில் நீளமாக ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் பழுப்பு நிறத்தில் ஏதோ பளபளவென்றிருந்தது. நெற்றி இதுதான் போல என்று அங்கேயே வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. விளையாட்டைப் பார்த்தால் அவர் முகம் மலருமே என்று டிவி எதிரே நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் தட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் மனப்பாடம்: லோடு, கொட்டேஷனுக்குள் ஸ்டார், கமா, எட்டு. ஏன் எட்டு? ஏழு என்ன பாவம் செய்தது? கடவுளுக்கே வெளிச்சம். தட்டினேன். டிரைவ் கரகரவென்று இரைந்தது. சிவப்பு விளக்கு கண்ணடித்தது. விளையாட்டு வரவில்லை. ஆஃப் செய்து ஆன் செய்தேன், ஒயரைப் பிடுங்கிச் செருகினேன், பிளாப்பியைத் திருப்பிப் போட்டேன். ஒன்றும் ஓடவில்லை, எனக்கும்தான். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டையில் நான் வைத்த பொட்டு ஈஷிக் கிடந்தது.

"ஏய்! அதும்மேல போயி எவளாச்சும் குங்குமம் வெப்பாளா? அறிவிருக்குதாடி உனக்கு?"

திரும்பினேன். சொன்னது இவர்தான். முழுசாக, திக்காமல், பழைய குரலில்.

"என்னங்க... இன்னொரு தடவ சொல்லுங்க!" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். முயன்றார். உதடு அசைந்தது. "ம்" தான் வந்தது. அவருக்கே அதிர்ச்சி, கண் கலங்கிவிட்டது.

டாக்டருக்குப் போன் போட்டேன். "திட்டு வார்த்தை சில சமயம் தானா வந்துடும்மா. நெனச்சு பேசறதுதான் கஷ்டம். அது வந்தாத்தான் தேறுறார்னு சொல்ல முடியும்" என்றார்.

ராத்திரியெல்லாம் குழம்பினேன். கோபம் வந்தால் பேச்சு வருகிறது. கோபம் வந்தால் பிரஷரும் வரும். இந்த மனுஷனைச் சீண்டுவதா, பொத்திப் பொத்தி வைப்பதா? யாரிடம் போய்க் கேட்பது? அந்தத் திட்டை இன்னொரு முறை கேட்க வேண்டும் போலிருந்தது, அதுதான் நிஜம்.

மறுநாள் குங்குமக் கிண்ணத்தையும் இன்னொரு பிளாப்பியையும் எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரே நின்றேன். "இதுக்கும் வெக்கட்டுமாங்க?" என்றேன்.

என்னையே பார்த்தார். கோபப்படவில்லை. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. ரொம்ப நேரம் முட்டி மோதி, ஒவ்வொரு எழுத்தாக வெளியே தள்ளினார்.

"வே... ணா... ண்டி."

கிண்ணத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதேன்.