ஒரு சீட்டுக்காக நடந்த கல்யாணம்

எதிர் வீட்டுப் பெண் மேல்படிப்புக்கு வெளிநாடு போகப்போகிறாள். துணைக்கு வாங்க பாட்டி என்று தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், வெளிநாட்டுப் படிப்புக்கு ஏற்பாடு செய்து தருகிற ஒரு மாடி ஆபீசுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அறை முழுக்க மல்லிகைப்பூ வாசனை. பூ எங்கேயும் இல்லை, டப்பாவிலிருந்து அடித்தது. டை கட்டிய ஒருவர், "மேரேஜ் முடிச்சுட்டு அப்ளை பண்ணீங்கன்னா ஹஸ்பெண்டையும் கூட்டிட்டுப் போயிரலாங்க மேடம்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் சொல்கிற யோசனையை என் அத்தை வெள்ளைக்காரன் காலத்திலேயே செய்து பார்த்துவிட்டாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் உலக யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. நான் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பொம்மிடியிலிருந்து பிழைக்கப் போய்ப் பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் கன்னடம், லீவுக்கு அத்தை ஊரான பொம்மிடிக்கு வந்தால் தமிழ். மூன்றிலும் வாயாடி என்று பெயர் வாங்கியிருந்தேன். ஜோலார்பேட்டையில் ரயில் மாறும்போது கண்ணில் விழும் கரித்தூளைத் தவிர, மைசூர் ராஜ்ஜியத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடுவே எங்களுக்கு வேறு தொந்தரவு ஏதும் இருந்ததில்லை. பெங்களூருக்குள்ளேயே பேட்டை மகாராஜாவுடையது, கன்டோன்மென்ட் வெள்ளைக்காரனுடையது. காய்கறி வாங்கவே ராஜ்ஜியம் விட்டு ராஜ்ஜியம் போகிற ஊரில் எல்லையை யார் பெரிதாக நினைப்பார்கள்!

படிப்பு என்று வந்தபோதுதான் அது குறுக்கே வந்து நின்றது. நான் நல்ல மார்க்கில் தேறி, ஒரு காலேஜில் சயன்ஸ் குரூப்பில் எனக்கு இடமும் கிடைத்துவிட்டது. அதே காலேஜுக்கு அத்தை மகனும் மனுப் போட்டிருந்தார். (பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் சொல்ல நாக்கு எழவில்லை.) மைசூர்க்காரர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் வெளி மாகாணத்தாருக்கு என்று சொல்லிவிட்டார்கள். சேலத்தில் சேர்க்கலாமே என்றால் அத்தை கேட்டால்தானே? "சேலத்துல படிச்சா குமாஸ்தா. பெங்களூர்ல படிச்சாத்தான் எஞ்சினீரு" என்பாள். எந்த ஊர்க் கணக்கோ!

அடுத்த ரயிலில் அத்தை வந்து இறங்கினாள்.

"ஏண்ணா, எப்படியும் இதுங்க ரெண்டுக்கும் முடிக்கத்தான போறோம்? இப்பவே முடிச்சு அவன வூட்டோட மாப்பிள்ளையா வச்சுக்குங்க. அப்புறம் அவன் உங்க வூட்டுப் பையன், உங்க ஊரு. அவனுக்கும் சீட்டு, இவளுக்கும் சீட்டு."

எங்கள் ஜனத்தில் இது பழைய வழக்கம். ஆண் பிள்ளை இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன் அந்த வீட்டு மகனே ஆகிவிடுவான். நிலம், கொள்ளி, கோயில் முறை எல்லாம் அவனுக்குத்தான். அப்பாவுக்கும் நான் ஒரே பெண். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷம்தான். ஒரே ஜட்கா வண்டியில் இரண்டு பேரும் காலேஜுக்குப் போவதாகக் கற்பனை செய்துகொண்டேன். அவர் ஓரமாக உட்கார்ந்து வருவார், புத்தகமெல்லாம் என் மடியில் இருக்கும்.

தாலியில் மஞ்சள் காய்வதற்குள், தலை கொள்ளாத மல்லிகையோடு காலேஜ் ஆபீசில் போய் நின்றோம். அங்கிருந்த அதிகாரி கன்னடக்காரர், நல்ல மனுஷர். அப்பாவுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அதிகாரியைக் கண்டால் வாய் கட்டிக்கொள்ளும். அத்தைக்குக் கன்னடம் வராது. ஆக நான்தான் துபாஷி. அத்தையின் வீட்டோடு மாப்பிள்ளைச் சட்டத்தை அழகாக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது உங்கள் வழக்கம். எங்கள் விதிப்படி பெண்டாட்டிதான் புருஷன் ஊர்க்காரியாவாள். நீ இனி மைசூர்க்காரி இல்லையம்மா. உன் இடமும் போய்விட்டது" என்றார்.

வலியப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதுதான் இது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதிகாரிக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. காலியான இந்த இடத்துக்கு மைசூர்க்காரர் யாரும் பாக்கி இல்லை, வெளி மாகாணத்தாருக்குத் தரலாம், நீங்கள் இரண்டு பேருமே இப்போது வெளி மாகாணம், மார்க்குப்படி பெண்ணுக்குத்தான் வரும் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பியது. உற்சாகத்தோடு அத்தைக்குத் தமிழில் சொன்னேன்.

அத்தை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அவளுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சுங்களே. பையனுக்கே குடுத்துருங்க."

அப்பா குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மேலே விட்டத்தைப் பார்த்தார். அதிகாரி, என்ன சொல்கிறார்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் அதைப் பிழையில்லாத கன்னடத்தில் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் அந்த இடத்தில் சேர்ந்து பி.எஸ்ஸி. முடித்தார். எஞ்சினீர் ஆகவில்லை. பொம்மிடிக்கே திரும்பிப் புளி மண்டி வைத்தார். சயன்ஸ் படித்த புளி வியாபாரி என்று சந்தையில் தனி மரியாதை உண்டு. அத்தை சாகிற வரைக்கும், "கல்யாணம் பண்ணதாலதான் எம் பையனுக்கு சீட்டு கெடச்சுது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பொய் ஒன்றுமில்லை.

எங்கள் கல்யாணம் முடிந்த கொஞ்ச காலத்திலேயே வெள்ளைக்காரன் போனான். மகாராஜாவின் ராஜ்ஜியமும் போயிற்று, சென்னை மாகாணமும் போயிற்று. என் படிப்பைக் கெடுத்தது அந்த எல்லைதான் என்று வெகு காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் போன பிறகும், சரி, இனிமேல் நீ போய்ப் படி என்று எங்கள் வீட்டில் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.