லாட்ஜ் லேகியமும் பெரம்பலூர் டாக்டரும்

என் வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது ஆவதற்குள் ஆண்மை குறைந்துவிட்டது. எழுதிவிட்டேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இதே வரியில் கண் பார்வை குறைந்தது என்றோ காது மந்தமானது என்றோ எழுதியிருந்தால் நீங்கள் பேசாமல் அடுத்த வரிக்குப் போயிருப்பீர்கள். இப்போது நின்று, இதை எழுதியது ஒரு பொம்பளையா என்று மறுபடி பார்க்கிறீர்கள். பொம்பளைதான். எறையூரில் பிறந்து, திருமானூருக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்து மாமியாராகவும் ஆகிவிட்டவள்.

மருமகன் வந்த பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அறையில் படுக்கக்கூடாது என்று எங்கள் பக்கம் யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அது எல்லோருக்கும் தெரியும். மகள் கல்யாணம் முடிந்த மறு வாரமே என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் வீட்டிலிருந்து வந்து எங்கள் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டார்.

"இனிமே நீ உள்ள படு, அவன் இங்க படுக்கட்டும். மாப்ள வந்து போற வூடு" என்றார்.

அவர் தெரு திரும்பியதும் நான் கட்டிலை மறுபடி உள்ளே இழுத்தேன். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மகளைக் கட்டிக்கொடுத்தேனே தவிர என்னை யாருக்கும் கட்டிக்கொடுத்து அனுப்பிவிடவில்லை. என் புருஷன் பக்கத்தில் படுக்க எனக்குப் பிடிக்கும். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

நான் உள்ளே இழுத்த கட்டிலை விட்டு, கொஞ்ச காலத்தில் அவராகவே மொட்டை மாடிக்குப் போய்விட்டார். வெக்கை என்றார். மார்கழியில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டும் வெக்கை என்றார். அவர் அரியலூரில் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறார். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, வாயில் பீடி, உடம்பில் பல வருஷச் சர்க்கரை. அலுப்பாக இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகு, வேறு எவளாவது இருக்கிறாளா என்று நேராகவே கேட்டேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அதற்கு அடுத்த வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து, ஒரு பை நிறைய மாத்திரையோடு வந்தார். அதில் ஒன்று, நெஞ்சை அடைத்தால் உடனே நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. அதை மட்டும் சட்டைப் பையை விட்டு இறக்க மாட்டார். மறுபடி லாரிக்குப் போனார், மறுபடி மாடிக்கும் போனார்.

ஒரு நாள் அவர் லாரிக்குக் கொண்டுபோகும் பெட்டியில் அழுக்குத் துணி தேடியபோது ஒரு டப்பா கிடைத்தது. மேலே பெயரில்லை, ஒட்டிய தாளில்லை. உள்ளே கருப்பாக, வெல்லமும் நெய்யும் மணக்கும் லேகியம். கையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

"என்னங்க இது?"

டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மூடியைத் திருகி மூடினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "பெரம்பலூரு பஸ் ஸ்டாண்டுகிட்ட லாட்ஜுக்கு மாசா மாசம் ஒரு வைத்தியர் வர்றாரு. அவரு குடுத்தது. எனக்கு முன்ன மாரி... முடியல."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எவளும் இல்லை! இவ்வளவு காலம் கண்ணுக்குத் தெரியாத ஒருத்தியோடு நான் மனதுக்குள் குழாயடிச் சண்டை போட்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"டாக்டருகிட்டப் போயி இதையா சொல்றது? மானம் போயிடும். இதுவே இப்ப கொஞ்சம் கேக்குது" என்றார்.

கேட்கத்தான் செய்தது. ஒரு கல்யாணச் சாப்பாடு முடிந்து வந்த மதியம், அவர் மாடிப் படியில் ஏறாமல் அறைக்குள் வந்தார். நடந்ததை எழுத மாட்டேன். சந்தோஷமாக இருந்தோம் என்று மட்டும் எழுதுவேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடிக்கிறது என்றார். சட்டைப் பையைக் காட்டினார். எடுத்துக்கொடுத்தேன், நாக்குக்கு அடியில் வைத்தார். வலி குறைகிறதா என்று கேட்பதற்குள் உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்து, கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தார்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கார் வந்தது. நாத்தனாரும் ஓடிவந்து ஏறிக்கொண்டார். அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கேயே வேலை பார்க்கும் மருமகன் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். வழியில் காற்றுப் பட்டதில் இவர் கண் திறந்திருந்தார், பேச மட்டும் தெம்பில்லை. டியூட்டியில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். பிரஷர் பார்த்தார், முகம் மாறியது.

"நெஞ்சு மாத்திரையைத் தவிர வேற எதாச்சும் சாப்பிட்டாரா? நாட்டு மருந்து, சக்தி மருந்து, எதா இருந்தாலும் சொல்லுங்க."

என் புருஷன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இல்லையாம். ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. கட்டிலின் ஒரு பக்கம் மருமகன், இன்னொரு பக்கம் நாத்தனார், பக்கத்துக் கட்டில்களைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் என் புருஷனின் மானமா உயிரா என்று ஒருவன் கேட்டால், அதற்கு யோசிக்கிற ஜாதியில் நான் பிறக்கவில்லை.

"லேகியம் சாப்பிட்டாரு டாக்டர். ஆண்மைக்குன்னு லாட்ஜுல வாங்குனது. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துட்டு எந்திரிச்சதும்தான் நெஞ்சு வலி வந்துச்சு. நாக்கு மாத்திரை வெச்ச ஒடனே விழுந்துட்டாரு."

டாக்டர் கையிலிருந்ததை வைத்துவிட்டு நர்ஸிடம் என்னவோ வேகமாகச் சொன்னார். பிறகு என்னிடம், "நல்ல வேளை சொன்னீங்க. இந்த மாதிரி லேகியத்துல சில பேர் ஆண்மைக்கு விக்கிற இங்கிலீஷ் மாத்திரையைப் பொடி பண்ணிக் கலந்துடுறாங்க. அதுவும் இந்த நாக்கு மாத்திரையும் சேந்தா பிரஷர் அதலபாதாளத்துக்குப் போயிடும். நீங்க சொல்லலைன்னா, மறுபடி நெஞ்சு வலின்னா நாங்களும் அதே மாத்திரையத்தான் குடுத்திருப்போம்" என்றார்.

வெளியே வராண்டாவில் நாத்தனார் என் கையைப் பிடித்துக் கிள்ளினார். "ஏண்டி, மாப்ள நிக்கிறாரு. அத்தன பேர் முன்னாடி இப்புடிச் சொல்ல ஒனக்கு நாக்கு கூசல? இந்த வயசுல இதெல்லாம் ஒரு கேடா?"

"கூசுச்சு அண்ணி. ஒங்க தம்பி எந்திரிச்சு ஒக்காரட்டும், அப்பறம் சாவகாசமா கூசிக்கிறேன்."

மருமகன் போய் எனக்கு ஒரு டீ வாங்கிவந்து கொடுத்தார். அந்தப் பிள்ளையிடம் எனக்கு அதுவரை இருந்த குறையெல்லாம் அந்த டீயோடு போயிற்று.

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். வந்ததும் என்னோடு பேச்சை நிறுத்தினார். சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவார், கேட்டால் பதில் வராது. ஒரே ஒரு தடவை மாடிப் படியில் நின்று, "என்னைய சந்தி சிரிக்க வெச்சுட்டல்ல?" என்றார்.

"சிரிச்சுட்டுப் போவுது. சிரிக்கிறவன் எவனும் ஒங்களத் தூக்கிக் கார்ல போட வரல."

சொன்னேனே தவிர எனக்கு வலித்தது. உயிரைக் காப்பாற்றியவளை இப்படி ஒதுக்கினால் வலிக்காதா? அந்தக் கோபத்தை யார் மேலாவது இறக்க வேண்டியிருந்தது. லாட்ஜ் வைத்தியர் வருகிற நாளைச் சுவரொட்டியில் பார்த்து வைத்திருந்தேன். டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன்.

லாட்ஜ் மாடியில் வரிசையாக ஆண்கள். கல்யாண ஆல்பத்தில் இருக்க வேண்டிய வயசுப் பையனிலிருந்து தாத்தா வரை. என்னைக் கண்டதும் பாதிப் பேர் துண்டை முகத்துக்கு ஏற்றினார்கள், மீதிப் பேர் செல்போனுக்குள் புகுந்துகொண்டார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. நேரே உள்ளே போய் மேசையில் டப்பாவை வைத்தேன்.

"இதுல என்ன கலந்திருக்கீங்க?"

"அது பரம்பரை ரகசியம்மா. பொம்பளைங்களுக்குச் சொல்றதில்ல."

"இதக் குடுக்கும்போது, நெஞ்சுக்கு மாத்திரை போடுறீங்களான்னு எங்க வூட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மூலிகையால் ஒருவருக்கும் எதுவும் ஆகாது என்று ஆரம்பித்தார். நான் அங்கே நிற்கவில்லை. வெளியே வந்து வராண்டாவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அண்ணே, தம்பி, இங்க யாராச்சும் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில மாத்திரை வெக்கிறவங்க இருந்தா எந்திரிச்சுப் போயிடுங்க. எங்க வூட்டுக்காரரு இதச் சாப்பிட்டு, செத்துப் பொழச்சு வந்திருக்காரு."

யாரும் நிமிரவில்லை. வைத்தியரின் ஆள் ஒருவர் என்னை வெளியே போகச் சொன்னார். நான் படியிறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. துண்டு போட்ட ஒரு பெரியவர் என்னைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வேகமாக நடந்து போனார். எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் நடந்ததைச் சொன்னேன். "இப்ப ஒழுங்கா ஒரு டாக்டரப் பாக்கப் போறோம். வரலைன்னா நான் மட்டும் போயி ஒங்க பேர்ல சீட்டு போட்டு ஒக்காருவேன்." செய்வேன் என்று அவருக்குத் தெரியும். மறு வாரம், பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தார்.

பெரம்பலூரில் நாங்கள் பார்க்கப் போன, ஆண்மைக்குறைவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் வயதானவர், அமைதியானவர். இருந்தும் எங்களைப் பார்த்ததும், "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. இது ஆம்பளைங்க விஷயம்" என்றார். நான் சண்டைக்கு வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அவ இருக்கட்டும் சார். அவ வாயைத் தொறந்ததாலதான் நான் இப்ப இங்க ஒக்காந்திருக்கேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதன்முதலாக அவர் எனக்காகப் பேசிய பேச்சு அது. நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதன் பிறகு, அவர் மாடியில் படுத்ததிலிருந்து நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, மிக்சி வாங்கப் போனவள் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டேன். எது நல்லது, எது ஆபத்து, எது எங்களுக்கு ஒத்துவரும். முதலில் சர்க்கரை இறங்க வேண்டும், பீடி போக வேண்டும், நடக்க வேண்டும், இது இல்லாமல் எந்த மருந்தும் ஒழுங்காக வேலை செய்யாது என்றார். எதையும் தொடங்குமுன் நெஞ்சு டாக்டர் பார்த்து, இவர் தாம்பத்தியத்துக்குத் தாங்குவார் என்று சொல்ல வேண்டும். ஊரெல்லாம் விற்கிற மாத்திரை பலருக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் நாக்கு மாத்திரை வைக்கிற வரைக்கும் இவருக்கு அது விஷம். ஊசி ஒன்று இருக்கிறது, அந்த இடத்திலேயே தாமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். இவர் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டரே அதைத் தள்ளி வைத்தார். ஆபரேஷன், திருச்சிக்குப் போக வேண்டும், மற்றதெல்லாம் தோற்றால் கடைசியில். மிச்சமிருந்தது பம்ப். குழாய் மாதிரி ஒன்றைப் பொருத்திக் காற்றை இழுத்து ரத்தத்தை வரவழைத்து, அது இறங்காமலிருக்க அடியில் ரப்பர் வளையம் போடுவது. உள்ளே எதுவும் விழுங்குவதில்லை, அதனால் நெஞ்சு மாத்திரையோடு சண்டை இல்லை. வளையத்தை அரை மணிக்கு மேல் விடக்கூடாது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் லேசாகக் கன்றலாம் என்றும் சொன்னார்.

"அந்த நேரத்துல சிரிப்பு வந்துடாதா சார்?" என்று கேட்டார் இவர்.

"வந்தா சிரிங்க. ரெண்டு பேரும் சேந்து சிரிச்சா அதுவும் வைத்தியம்தான்" என்றார் டாக்டர். பிறகு மெதுவாக ஒன்று சொன்னார். "நெஞ்சுக்குப் போற ரத்தக் குழாய் அடைக்கிறதுக்கு முன்னாடி, பல பேருக்கு இந்தச் சின்னக் குழாய்லதான் முதல்ல தெரியும். நீங்க மாடிக்குப் படுக்கப் போனப்பவே இங்க வந்திருந்தா, அந்த நெஞ்சுவலியையே முன்கூட்டிப் பிடிச்சிருக்கலாம்."

இவர் தரையைப் பார்த்தார். மேசைக்கு அடியில் என் கையைத் தேடிப் பிடித்தார்.

நெஞ்சு டாக்டர் பார்த்துச் சரி சொல்ல நாளாயிற்று. அதற்குள் பீடியை விட்டிருந்தார், காலையில் கொள்ளிடக் கரைவரை நடக்கவும் தொடங்கியிருந்தார். மெடிக்கலில் சொல்லி வைத்திருந்த பம்ப் வந்ததும் இருவரும் பெரம்பலூர் போனோம். கடைக்காரர் அந்த அட்டைப்பெட்டியைப் பேப்பரில் சுற்றி, அதைக் கருப்புக் கவரில் போட்டு, கவர் வாயை முடிச்சும் போட்டார். வயசுக்கு வந்த பெண்ணுக்கு நாப்கின் வாங்கப் போனாலும் இதே கருப்புக் கவர்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் கை நீட்டுவதற்குள் இவரே முடிச்சை அவிழ்த்து, பேப்பரை உருவிக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கவரு வேணாங்க."

பஸ்ஸில் பெட்டி அவர் மடியில் வந்தது. அந்தத் தடவை ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். வீட்டு வாசலில் நாத்தனார் நின்றிருந்தார். முதல் பார்வையே பெட்டி மேல்தான் விழுந்தது.

"என்னடா பொட்டி அது?"

"மருந்து அக்கா."

"ஒனக்கா?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மாடியிலிருந்து அன்றைக்குக் காலையிலேயே இறக்கி வந்திருந்த தலையணை கூடத்தில் கிடந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அறைக் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்.

"எங்க ரெண்டு பேருக்கும்."