மாத்திரை மந்தமா, வியாதி மந்தமா?

கம்பவுண்டர் வேலையில் மருந்தை எடுத்துக் கொடுப்பது கால் பங்குதான். கொடுத்த மருந்து என்ன செய்தது என்று கேட்டு நிற்பதுதான் மீதி முக்கால். கவுண்டருக்குப் பின்னால் நின்று பேச்சு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மனநோய் டாக்டரிடம் இருந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் பாசஞ்சர் ரயில் பிடித்துச் சிதம்பரம் போய், மேலவீதியில் ஒரு மாடி அறையில் நோயாளிகளைப் பார்ப்போம். மனச்சிதைவு நோய்க்குக் குளோர்ப்ரோமசின் மாத்திரை அப்போதுதான் எங்கள் பக்கம் பரவலாகக் கிடைக்க ஆரம்பித்திருந்தது. காதில் குரல் கேட்டுத் தெருத்தெருவாக ஓடியவர்கள் அடங்கினார்கள். ஆனால் வீட்டுக்காரர்கள் எல்லோரும் மறுமாதமே ஒரே கேள்வியோடு வந்தார்கள்: "ஆளு மந்தமாயிட்டானே, மாத்திரை மூளையத் தின்னுடுச்சா?" எனக்கும் பதில் தெரியாது. தெரியாததால்தான் இவர்களையெல்லாம் உற்றுக் கவனிக்க ஆரம்பித்தேன்.

உட்கார முடியாத துணிக்கடைக்காரர்

கோவிந்தராஜ் கடலூரில் ஒரு துணிக்கடையில் விற்பனை செய்பவர். நாள் முழுக்கப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டும் வேலை. மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது வாரம் அவருடைய மச்சான் அவரை இழுத்துக்கொண்டு வந்தார். "வியாதி ஜாஸ்தியாயிடுச்சு சார். புடவைய விரிச்சுப் போட்டுட்டு எழுந்து நடக்குறாரு. நடந்துகிட்டே வெல சொல்றாரு. வாங்க வந்தவங்க பயந்து போயிட்டாங்க" என்றார்.

எங்கள் அறையிலும் கோவிந்தராஜ் சுவருக்குச் சுவர் நடந்துகொண்டுதான் இருந்தார். மாத்திரையைக் கூட்ட வேண்டியதுதான் என்று நான் புட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். டாக்டர் என்னைக் கையமர்த்திவிட்டு, "ஏன் நடக்கறீங்க? யாராவது நடக்கச் சொல்றாங்களா?" என்று அவரையே கேட்டார். குரல் சொல்லி வியாதியில் வரும் நடை வேறு, மாத்திரையால் வரும் நடை வேறு என்று, அன்று அவர் அளவைக் குறைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கோவிந்தராஜ் நிற்காமலே சொன்னார்: "யாரும் சொல்லல சார். மனசு உக்காந்துதான் இருக்கு, காலுதான் கேக்க மாட்டேங்குது."

அஞ்சலையின் முகம்

காடாம்புலியூர் அஞ்சலைக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. மாத்திரையில் வீட்டைவிட்டு ஓடுவது நின்று, வேலைக்குத் திரும்பிய சமயம். ஒருநாள் முகமும் கழுத்தும் கையும் சிவந்து தோல் உரிந்து வந்து நின்றாள். டாக்டர் உள்ளே வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த அக்காள், "இவளுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது சார், புத்தி மழுங்கிக் கெடக்கு" என்று தானே பேசினாள். நானும் பெரிய மனுஷத்தனமாக, "முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டிருக்கும், களிம்பு தரேன்" என்றேன்.

அஞ்சலை களிம்பை வாங்கவில்லை. பேச்சை அவள் மெதுவாகத்தான் எடுப்பாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நாம் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும். பொறுத்தேன். அவள் உள்ளங்கை தெரிய இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தாள். விரல்களில் பழைய கறுப்புக் கறை தவிர ஒன்றுமில்லை. பிறகு ரவிக்கைக் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் காட்டினாள். துணி மூடிய இடம் வரைக்கும் கோடு கிழித்த மாதிரி சிவப்பு நின்றிருந்தது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் ஆகாது என்று டாக்டர் பிற்பாடு விளக்கி, கொட்டகைக்குள் நிழலில் உட்காரச் சொன்னார். ஆனால் அவருக்கு முன்னாலேயே அஞ்சலை சொல்லிவிட்டாள்: "எண்ண பட்டா விரல்லதான் பொக்குளம் வரும். இது வெயிலு பட்ட எடத்துல மட்டும் வந்திருக்கு. இதுகூடப் பாக்காமயா சார் மருந்து குடுக்கறீங்க?"

பினாங்குக்குப் போன கடிதங்கள்

பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் பினாங்கில் பல வருஷம் ஜவுளி வியாபாரம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் மகள் நூர்ஜஹானுக்கு இருபது வயது இருக்கும். மாத்திரையில் குரல்கள் நின்றுவிட்டன; அழுகை நின்றுவிட்டது. ஆனால் ஒரு கதை சொன்னால் பாதியில் விட்டுவிடுவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று நிற்பாள். பாய்க்கு எங்கள்மேல் கடுங்கோபம். "என் புள்ள எவ்வளவு அறிவான புள்ள தெரியுமா? எனக்கு எழுதின லெட்டர் எல்லாம் வச்சிருக்கேன், கொண்டாரேன், பாருங்க. உங்க மாத்திரைதான் அவள இப்படி ஆக்கிடுச்சு" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு தகரப்பெட்டியோடு வந்தார். டாக்டர் கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கச் சொன்னார். நானும் பாயுமாகத் தரையில் உட்கார்ந்து அடுக்கினோம். முதலில் நாலு பக்கம், ஐந்து பக்கம்: வீட்டுக் கோழி, தெருச் சண்டை, வாப்பாவுக்கு நூறு கேள்வி. அப்புறம் இரண்டு பக்கம். அப்புறம் அரைப் பக்கம். கடைசியில் இருந்த ஒன்றில் "வாப்பா நலமா" என்பதையே மூன்று தடவை எழுதிவிட்டு நிறுத்தியிருந்தாள். அந்தக் கடிதம் எழுதி ஒரு வருஷம் கழித்துத்தான் அவள் முதல் மாத்திரையைப் பார்த்தாள்.

டாக்டர், "மாத்திரையும் கொஞ்சம் மந்தம் பண்ணுது பாய், இல்லன்னு சொல்லல. அளவக் குறைச்சுப் பாப்போம். ஆனா இது முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. இதத் திருப்ப என்கிட்ட மருந்து இல்ல" என்றார். பாய் கடிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "இத்தன நாளு மாத்திரை மேல கோவப்பட்டுகிட்டு இருந்தேன், தம்பி. இனிமே அந்தக் கோவத்த எது மேல வைக்கிறது?"

கம்பாசிட்டர் சபாபதியின் அளவுகோல்

இது என் தப்பைப் பற்றியது. சபாபதி சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கிறவர். மாத்திரையில் வியாதி நன்றாக அடங்கியது. ஆனால் விரல் நடுங்கியது, வேலை பாதியாகக் குறைந்தது. முதலாளி வேறு ஆள் பார்க்கப் போவதாக அவர் மனைவி வந்து அழுதாள். டாக்டர் அந்த வாரம் ஊரில் இல்லை. நான் இரக்கப்பட்டு, "பாதி மாத்திரை போதும்னு சொல்லும்மா" என்றேன்.

முதல் வாரம் அவர் கை பறந்ததாம். அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு நடுவில் யாரும் எழுதிக் கொடுக்காத நாலு வரி அச்சாகி வந்தது. கேட்டால், எழுத்துகளே வந்து நின்றன என்றாராம். தூக்கம் போய், சாப்பாடு போய், மனைவியே அவரைப் பிடித்து அழைத்து வந்தாள். நான் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் பொறுக்கவில்லை. பழைய அளவு திரும்பியது, நடுக்கத்துக்குத் தனியாக ஒரு மாத்திரையும் சேர்ந்தது. நடுக்கம் நின்றது. ஆனால் கண் மங்கி, இன்னும் தடுமாறினார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

புரியவைத்தவர் சபாபதிதான். கையெழுத்துப் பிரதியை ஒரு தரம் பார்த்தால் எத்தனை வார்த்தை தலையில் நிற்கிறது என்று தினமும் குறித்து வைத்திருந்தார். அத்தனையும் கோத்து முடித்த பிறகுதானே மறுபடி பிரதியைப் பார்க்க வேண்டும்! டாக்டர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். நடுக்க மாத்திரையை அதை வைத்தே படிப்படியாகக் குறைத்தார். சபாபதி வேலையில் நிலைத்தார். பழைய வேகம் வரவேயில்லை. கடைசியாகத் தாளைக் கொடுத்தபோது என்னைப் பார்த்து அவர் சொன்னது: "முன்னெல்லாம் ஒரு முழு வரி நிக்கும். வியாதியில ஒண்ணுகூட நிக்கல. மாத்திரையில நாலு வார்த்தை நிக்குது, நடுக்க மாத்திரையும் சேந்தா ரெண்டு. எனக்கு நாலு போதும் சார், ஆனா இனிமே குறைக்கிறதுன்னா என்னக் கேட்டுட்டுக் குறைங்க."

குளோர்ப்ரோமசின் யோசனையைத் தாமதப்படுத்தும் என்பது உண்மைதான். அதைச் சாப்பிடாமலே எனக்கு, சாப்பிடுகிறவர்களையே கேட்க வேண்டும் என்பது இவ்வளவு தாமதமாக ஏன் புரிந்தது என்றுதான் இன்னும் தெரியவில்லை.