எல்லைக் கிணற்றடியில் இரண்டு தலைவர்கள்

இன்று காலை எங்கள் குப்பத்துக் கிணற்றடியில் ஓர் அம்பாசடர் கார் வந்து நின்றது.

எங்கள் ஊராட்சித் தலைவரும் பக்கத்து ஊராட்சித் தலைவரும் ஒன்றாக இறங்கினார்கள். எல்லையில் இருக்கும் எங்கள் குப்பத்துக்குச் சாலையை யார் போடுவது என்று பல வருடமாக முறைத்துக்கொண்டிருந்தவர்கள்.

"இன்னா அண்ணாத்த, ரோடு வருதா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"இல்லம்மா. ரெண்டு ஊரு குப்பையும் இனிமே இங்கதான் கொட்டப் போறோம். மாமல்லபுரத்துக்கு வர்ற வெள்ளைக்காரன் கண்ணுல படக் கூடாதுல்ல?" என்றார் எங்கள் தலைவர்.

"இது நாங்க குடிக்கிற தண்ணி!"

"ரெண்டு பேரும் சேந்து போட்ட திட்டம்மா" என்றார் மற்றவர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

பெண்கள் எல்லோரும் குடத்தோடு கிணற்றைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். இப்போதைக்குக் கார் திரும்பிப் போய்விட்டது.

இவர்களை மறுபடி சண்டை போட வைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.